கடுகு வைத்துக் கட்டிய கை

போன வாரம் ஒரு வாசகி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி, பளபளவென்று ஒரு கிச்சன். வாணலியைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொள்கிறாள். ஃபிரிட்ஜைத் திறக்கிறாள். மஞ்சள் நிற சாஸ் பாட்டில் ஒன்றை எடுத்து விரல்மேல் பிதுக்குகிறாள். சிரிக்கிறாள். பின்னணியில் குழைவான தமிழ்க் குரல் – "தீக்காயமா? கவலை வேண்டாம். உங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டியிலேயே மருந்து இருக்கிறது. கடுகு."

கீழே வாசகியின் குறிப்பு: "மேடம், இதைப் பத்தி உங்க பத்தியில எழுதுங்க. நாலு பேருக்குப் பயன்படும்."

எழுதுகிறேன் அம்மா. உங்களுக்காகவே இந்த வாரம் எழுதுகிறேன். படித்து முடித்ததும் என்னைத் திட்டாமல் இருந்தால் போதும்.

இந்த வீடியோ எனக்குப் புதிதில்லை. இதே பெண், இதே விரல், இதே சிரிப்பு... எங்கள் குடும்ப குரூப்பில் எப்போதோ வந்து, எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டு, மறந்தும் போனோம். மறக்காதவர் ஒருவர் இருந்தார். என் தங்கை மகள் மகேஸ்வரியின் மாமியார்.

ஊரைச் சொல்லிவிடுகிறேன். நான் ராஜபாளையம். தங்கை விஜயா வன்னியம்பட்டி. மகேஸ்வரியைக் கட்டிக்கொடுத்திருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். மாப்பிள்ளை சரவணன், எங்கள் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பையன். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான், அம்மா சொல்லைத் தட்டமாட்டான் என்று சொல்லித்தான் தரகர் ஜாதகத்தைக் கொடுத்தார். மூன்றும் உண்மை. மூன்றாவதைக் கேட்டபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். என்ன ஜென்மங்களோ நாங்கள்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் மகேசு தனக்கென்று அந்த வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்று. டைப்ரைட்டிங்.

லோயர் ஏற்கெனவே பாஸ். ஹையர் முடித்துவிட்டால் கவர்மென்ட் பரீட்சை எழுதலாம், ஏதாவது ஒரு ஆபீஸில் உட்காரலாம் என்று கணக்கு. வேறு வேலை எதுவும் அவளுக்கு மனதில் இல்லை. காலையில் சமையலை முடித்துவிட்டு இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடுவாள். என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் சேலை முந்தானையில் தட்டிக்கொண்டிருக்கும். "ஸ்பீடு வந்துருச்சு பெரியம்மா. இந்தத் தடவ எப்படியும் எடுத்துருவேன்" என்பாள். பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டும் வந்துவிட்டது.

அந்த வாரத்தில் ஒரு காலை, சோறு வடிக்கும்போது பிடிதுணி வழுக்கிவிட்டது.

பெண்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம். ஆண்களுக்காகச் சொல்கிறேன். கொதிக்கிற பானையைத் தட்டோடு சேர்த்துத் துணியால் பிடித்துக் கவிழ்த்து, சோற்றைத் தட்டு தாங்க, கஞ்சியை மட்டும் வெளியே விடவேண்டும். தினமும் செய்கிற வேலைதான். ஒருநாள் தவறினால் போதும். வெந்நீராவது வழிந்து ஓடிவிடும். கஞ்சி பிசின். விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்று சுடும். மகேசுக்கு வலது புறங்கையிலும் விரல்களிலும் விழுந்தது.

எட்டிப் பிடிக்கிற தூரத்தில் குழாய் இருந்தது. குழாயில் தண்ணீரும் வந்தது.

நம் வீடுகளில் தீக்காயத்துக்கு வைக்காத பொருள் என்ன இருக்கிறது? உப்பு வைக்கிறோம். மஞ்சள்தூள் வைக்கிறோம். தோசை மாவு, காப்பித்தூள், பற்பசை, பேனா மை, முட்டை, தேங்காயெண்ணெய்... ஒரு மளிகைக்கடையையே வைத்துப் பார்த்துவிட்டோம். தண்ணீரை மட்டும் வைக்கமாட்டோம். கேட்டால், "தண்ணி பட்டா கொப்புளம் வந்துரும்." கொப்புளம் வந்தால் வரட்டுமே, அதில் செத்தா போய்விடுவோம்? ஆனால் யாரும் கேட்பதில்லை.

மகேசின் மாமியாருக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. வீட்டில் சாஸ் பாட்டில் கிடையாது. கடுகு இருந்தது. ஒரு கை அள்ளி மிக்ஸியில் போட்டு, நம் பங்குக்குக் கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து, விழுதாக அரைத்துப் பூசிவிட்டார்.

அந்த வெளிநாட்டுக்காரி விரலில் பிதுக்கியது வினிகர், தண்ணீர், சர்க்கரை எல்லாம் கலந்து கடைக்கு வந்த பண்டம். அதையே காயத்தில் வைக்கக்கூடாது. நம் கடுகு பச்சையாக அரைத்தால் என்ன ஆகும் என்று ஊறுகாய் போடுகிறவர்களுக்குத் தெரியும். மிக்ஸி மூடியைத் திறக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். நல்ல தோலில் வைத்துக் கட்டினாலே பொத்துப்போகும். அதை வெந்த தோலில் வைத்தார்கள்.

அதன்மேல் கட்டுப் போட்டது மாப்பிள்ளை சரவணன்.

உலகத்தின் காயங்களுக்கெல்லாம் துணி நெய்து அனுப்புகிற வட்டாரம் இது. தறியிலிருந்து இறங்கிய துணியை வெளுக்கவேண்டும், கஞ்சிப் பசை போகக் கழுவவேண்டும், கிருமி நீக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் அது காயத்துக்கு ஆகும். சரவணன் வேலைக்கு வருகிற புதுப் பிள்ளைகளுக்கு இதைத்தான் நாள்தோறும் பாடமாக எடுக்கிறார். அவர் வீட்டு ஜன்னலோரத்தில் தறியிலிருந்து இறங்கிய வெட்டுத்துணி ஒரு சுருள் எப்போதும் கிடக்கும். மிக்ஸி துடைக்க, சைக்கிள் துடைக்க. அதில்தான் கிழித்துக் கட்டினார். பெண்டாட்டி அலறும்போது படித்த பாடம் மறந்துபோகும் என்று வைத்துக்கொள்கிறேன். அன்று சாயங்காலம் அலறல் அடங்கிய பிறகும் ஞாபகம் வரவில்லையே, அதற்கு என்ன சொல்வது?

எனக்கு இது எதுவும் தெரியாது. இரண்டு நாள் கழித்து வேறு ஏதோ கேட்க விஜயாவுக்கு போன் போட்டேன். பேச்சுவாக்கில் விழுந்தது.

"மகேசுக்குக் கையில லேசா கஞ்சி பட்டுருச்சுக்கா. ஒண்ணுமில்ல. மருந்து வச்சுக் கட்டிருக்காக."

"எந்த ஆஸ்பத்திரியில?"

அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பப் பார்த்தாள்.

"விஜயா, உன்னத்தான் கேக்கேன். எந்த ஆஸ்பத்திரியில?"

"ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகலக்கா. போனா கேஸாயிருமாம்ல. கல்யாணமாகி மூணு வருசந்தான் ஆகுது. பிள்ளையும் இல்ல. மாமியா ஊத்துனாளா, புருசன் ஊத்துனானான்னு போலீஸ் வந்து கேப்பாகளாம். அவிய வீட்டுக்கு அசிங்கமில்லையா?"

"கை யாரு கையிடி? அவிய வீட்டுக் கையா?"

"நாளைக்கு அவ அங்கனதான வாழணும்..."

பெற்ற தாய் சொன்ன வார்த்தை இது. என் கூடப் பிறந்தவள். எனக்கு அன்று வந்த கோபம் இதை எழுதும்போதும் அடங்கவில்லை.

ஆம், தீக்காயத்தோடு ஒரு பெண் ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குச் சொல்வார்கள். கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்வி சும்மா வந்ததா? "ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று எத்தனை வீடுகளில் சொன்னோம்... எத்தனை பெண்களைப் பாயில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனோம்... அவர்கள் செத்துச் செத்துத்தான் அந்தக் கேள்வியையே சம்பாதித்துக் கொடுத்தார்கள். தப்புச் செய்த வீடு அதற்குப் பயந்தால் நியாயம். தப்பே செய்யாத வீடு பயந்து, பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால்?

போனை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கடுகு நெடி. பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன பால்கோவா பொட்டலங்கள் டிவி மேல் அடுக்கியிருந்தன. ஆக, ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், உச்சுக்கொட்டியிருக்கிறார்கள், இனிப்பு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மகேசு கட்டிலில் கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். கட்டு மஞ்சளும் பழுப்புமாக நனைந்து காய்ந்திருந்தது. வெளியே தெரிந்த விரல் நுனிகள் உப்பியிருந்தன. நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது.

"வாங்க மதினி" என்றார் மாமியார். "கடுகு நல்லாப் பிடிச்சிருக்கு. பிடிச்சாத்தான சூட்ட இழுக்கும்."

நான் மகேசிடம் கேட்டேன். "எரியுதாட்டி?"

"எரியத்தான செய்யும் பெரியம்மா. எரிஞ்சாத்தான் சூடு வெளிய போகுதுன்னு அர்த்தமாம்."

இரண்டு நாளாக அந்தப் பிள்ளை அந்த எரிச்சலைக் குணம் என்று நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன்.

மாமியார் முகம் மாறியது. "கோவப்படாதீக மதினி. அங்க என்ன கேப்பாகன்னு தெரியும்ல?"

"கேக்கட்டும். நீங்க ஊத்துனீகளா?"

"ஐயோ, என்ன வார்த்தை இது. எம்மக மாதிரில்ல வச்சிருக்கேன்."

"அப்பப் பொறவென்ன பயம்?"

அவர் அழுதுவிட்டார். நான் இதையும் எழுதியாக வேண்டும். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. இரண்டு நாளும் சோற்றைப் பிசைந்து மருமகளுக்கு ஊட்டிவிட்டது அவர்தான். தலை பின்னிவிட்டது அவர்தான். வேளைக்கு வேளை புதிதாகக் கடுகு அரைத்து, கட்டுக்கு மேலேயே அப்பியதும் அவர்தான். கெட்ட மாமியாராக இருந்திருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார், கையாவது கொஞ்சம் தப்பியிருக்கும்.

சரவணன் ஆட்டோ பிடித்து வந்தார். அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் போனார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்னப் பெண். கட்டை அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை. கடுகும் துணியும் தோலும் ஒன்றாகிவிட்டிருந்தன. மருந்துத் தண்ணீரை ஊற்றி ஊற ஊற உரித்தார். துணியோடு என்னவெல்லாம் வந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை. மகேசு போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்த ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

"இது என்ன?" என்றார் டாக்டர், பஞ்சில் ஒட்டியிருந்த கறுப்புத் துணுக்கைக் காட்டி.

"கடுகு" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான்தான் வைத்தேன் என்று நினைத்துவிட்டார் போல. நினைத்துவிட்டுப் போகட்டும்.

"கஞ்சி சுட்டது மேலாகத்தாம்மா சுட்டிருக்கும்" என்றார் கடைசியில். "உடனே தண்ணியில காட்டிட்டு இங்க வந்திருந்தா, வடு தெரியுறதோட முடிஞ்சிருக்கும். இது நீங்க வச்சது வேற புண்ணாக்கி, சீழ் பிடிச்சு, ஆழமாப் போயிருச்சு."

கொஞ்ச நேரத்தில் போலீஸ் வந்தது. எல்லோரும் எதற்குப் பயந்தார்களோ, அது. ஒரு பெண் காவலர், நடுத்தர வயது, கையில் தண்ணீர் பாட்டில். சரவணனையும் அவர் அம்மாவையும் வெளியே நிற்கச் சொன்னார். ஆறுதலுக்கு நான் பக்கத்தில் இருக்க விட்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"சோறு வடிக்கும்போது துணி வழுக்கிருச்சு."

"யாரும் ஊத்தலயே? பயப்படாமச் சொல்லு."

"இல்ல மேடம். நானாத்தான்."

அவ்வளவுதான். முடிந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இந்த இரண்டு கேள்விக்குப் பயந்துதான் ஒரு பிள்ளையின் கையைக் கடுகில் ஊறப்போட்டிருந்தார்கள்.

காவலர் எழுந்திருக்கப் போனார். பிறகு ஏதோ தோன்றி மறுபடி உட்கார்ந்தார்.

"என்னைக்கு ஆச்சு?"

"முந்தாநாளு."

"முந்தாநாள் ஆனதுக்கு இன்னைக்குத்தான் வாரியா? ஏன் கூட்டிட்டு வரல?"

இந்தக் கேள்வி யார் கணக்கிலும் இல்லை. இது வழக்கமாகக் கேட்கிற கேள்வி கிடையாது. இவர்களே செய்து வைத்த கேள்வி. கதவுக்கு வெளியே நின்ற இரண்டு பேரின் முகமும் எனக்குத் தெரிந்தது. காவலரும் இப்போது அவர்களைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை நன்றாக இல்லை.

நான் வாயைத் திறந்தேன். மகேசு இடது கையால் என் முழங்கையைப் பிடித்தாள். அழுத்திப் பிடித்தாள்.

"நான்தான் மேடம் வரமாட்டேன்னேன்" என்றாள். "அவிய எம்புட்டோ கூப்பிட்டாக. எனக்கு ஊசின்னா பயம்."

காவலர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். போகும்போது, "படிச்ச பிள்ளைதான நீ?" என்று கேட்டார். மகேசு தலையாட்டினாள்.

அவர் போனதும் கேட்டேன். "ஏட்டி, ஏன் அப்படிச் சொன்ன?"

"வேற என்ன சொல்ல பெரியம்மா? அத்தைய உள்ள கூட்டிட்டுப் போயி விசாரிச்சா, பொறவு நான் எந்த வீட்டுக்குப் போக?"

விஜயா போனில் சொன்னதையேதான் மகளும் சொன்னாள். தாய்ப்பாலோடு சேர்த்துப் புகட்டியிருக்கிறோம்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் ஆஸ்பத்திரிக் கதை. மதுரைக்குக் கொண்டுபோனோம். தொடையிலிருந்து தோல் எடுத்துப் புறங்கையில் வைத்தார்கள். பரீட்சை நாளன்று அவள் மதுரையில் வார்டில் படுத்திருந்தாள். புண் ஆறிவிட்டது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் நிமிர்கின்றன. தினமும் பயிற்சி செய்கிறாள், வலியில் கண்ணீர் வர வரச் செய்கிறாள். சட்டை பட்டன் போடலாம், கரண்டி பிடிக்கலாம் என்று டாக்டர் நம்பிக்கை கொடுத்திருக்கிறார். டைப்ரைட்டிங் பற்றிக் கேட்டதற்கு, "முதல்ல கரண்டி பிடிக்கட்டும்" என்றாராம். மாமியாருக்கு அதைக் கேட்டு நிம்மதி. சமையலுக்குக் குறைவில்லை பாருங்கள்.

வாசக நண்பர்களே, சுட்டால் குழாயைத் திறங்கள். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் போங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். நான் எழுதி இது நடக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். வீடியோவில் சொன்னால் ஒருவேளை கேட்பீர்கள்.

நேற்று முன்தினம் ராஜபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. மண்டபத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தோம். மகேசு இடது கையில் ஸ்பூன் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மா அவள் கையைப் பார்த்துவிட்டு, "ஏன் தாயி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. உண்மையான வருத்தத்தோடு வந்தது.

"நாங்க எம்புட்டோ சொன்னோம்க்கா. அவதான் வரவே மாட்டேன்னு அடம் பிடிச்சிட்டா. அன்னைக்கே கேட்டிருந்தா கை இப்படி ஆயிருக்குமா?"

நான் சரவணனைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்தபடியே, "ஊசிக்குப் பயந்துட்டா" என்றார். பொய் சொல்கிறவன் முகம் இல்லை அது. அவரும் நம்ப ஆரம்பித்துவிட்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "யாரு மாப்ள பயந்தது? இந்தப் பிள்ளையா?"

"அவளே போலீஸ்ல சொன்னாள்ல அத்தை" என்றார் சரவணன், நிதானமாக. "நீங்களும் பக்கத்துலதான இருந்தீக?"

விஜயா என் தொடையில் கை வைத்தாள். "சாப்பிடுக்கா. நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல எதுக்கு?"

நான் மகேசைப் பார்த்தேன். அவள் ஸ்பூனை இலையில் வைத்தாள். எதிரே இருந்த அம்மாவைப் பார்த்து, ஒப்பிப்பது மாதிரி சொன்னாள்.

"ஆமா ஆச்சி. நான்தான் வரமாட்டேன்னேன்."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் பேச்சை அந்த வீடு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.